டி.வி.எஸ். ஸ்டாப்: ஒரு மதுரை பஸ் கம்பெனியைத் தேடிப்போன கதை

தி. நகரில் 11-ம் நம்பர் பஸ் ஏறி அண்ணா சாலை வழியாகப் போனால், ஜெமினி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கண்டக்டர் "டி.வி.எஸ். இறங்கு, டி.வி.எஸ்." என்று குரல் கொடுப்பார். பஸ்ஸுக்குள் இருக்கும் காலேஜ் பையனைக் கேட்டால் டி.வி.எஸ். என்றால் பைக் கம்பெனி என்பான். எங்கப்பாவைக் கேட்டால் பஸ் கம்பெனி என்பார். இரண்டும் சரிதான். ஆனால் ஒரு பஸ் கம்பெனியின் பெயர் பஸ் ஸ்டாப்புக்கு மிஞ்சி, பஸ்ஸில் இல்லாமல் போனது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் நாற்பது வருஷமாக ஓடிய ஒரு சண்டை. அப்பாவின் ஊர் மதுரை – பெரியகுளம் ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே. காலை 6:40-க்கு மெயின் ரோட்டில் வரும் டி.வி.எஸ். பஸ்ஸைப் பிடிக்க நடந்து போவார்கள். "அந்த பஸ்ஸைப் பார்த்து வாட்ச் திருத்துவோம்டா. கவர்மென்ட் எடுத்துச்சு, எல்லாம் கெட்டுச்சு" என்பது அப்பாவின் கட்சி. அவருடைய தம்பி, என் சித்தப்பா, 1974-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்தவர். அவர் கட்சி வேறு. "வாட்ச் திருத்துனீங்க சரி. அந்த பஸ் ஒரு நாளாவது ஊருக்குள்ள வந்துச்சாண்ணே? மூணு மைல் நடந்துல்ல போனீங்க? ஊருக்குள்ள பஸ்ஸக் கொண்டாந்தது நாங்க."

என் தங்கை கல்யாணத்தில், மயிலாப்பூர் மண்டபத்தில், சாப்பாட்டுப் பந்தியில்கூட இது நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சொத்துத் தகராறு என்று நினைத்துவிட்டார்கள். சித்தப்பா போய் மூன்று வருஷமாகிறது. சண்டை போட ஆளில்லாமல் அப்பா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அதனால்தான் வேலை முடிந்த இரவுகளில் இதைத் தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் மனிதர். திருக்குறுங்குடி வேங்கராம சுந்தரம் அய்யங்கார், 1877-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். அப்பாவின் ஆசைப்படி வக்கீல் தொழில் பக்கம் போனார், பிறகு ரயில்வேயில் வேலை, அப்புறம் பாங்கு. மூன்றையும் விட்டுவிட்டு 1911-12-ல் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் பஸ் ஓட்ட வந்தார். ரயில்வேக்காரர் ஒருவர் பஸ் ஓட்ட வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அன்றைய ரயில்வே மேப்பை எடுத்துப் பார்த்தால் வேடிக்கை இல்லை. மதுரைக்கு 1875-லேயே ரயில் வந்துவிட்டது. புதுக்கோட்டைக்கு வந்ததோ 1929-ல். செட்டிநாட்டுப் பக்கம் அதற்கும் அடுத்த வருஷம். நடுவில் இருந்த அந்தப் பிரதேசம் பணக்காரப் பிரதேசம்: பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் பணம் வருகிற நகரத்தார் ஊர்கள், சொந்த ராஜா உள்ள புதுக்கோட்டை சமஸ்தானம். ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது, ரோடு இருக்கிறது, ரயில் இல்லை. எந்த ஸ்டேஷனிலிருந்து இறங்கிய ஜனங்கள் மாட்டுவண்டிக்கு அலைகிறார்கள் என்று ரயில்வேயில் இருந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அன்றைய பஸ்ஸை நம் பஸ் மாதிரி கற்பனை செய்யக் கூடாது. வெளிநாட்டிலிருந்து எஞ்சினும் சேஸிஸும் மட்டும் வரும். மேலே மர பாடி உள்ளூர் ஆசாரி கட்டுவது. முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பெட்ரோல் தகர டின்னில் வரும். ரோடு மாட்டு வண்டிக்காகப் போட்ட ரோடு. மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணி எல்லாம் அதில்தான் கிடக்கும். வழியில் சுங்கச் சாவடிகள் வேறு. 1931-ல் சென்னை மாகாண மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இந்த நிலைமையில் ஒரு பஸ்ஸை ஒரு நாள் ஓட்டுவது பெரிய விஷயமில்லை. தினமும் 6:40-க்கு ஓட்டுவதுதான் விஷயம்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம். ஒற்றை பஸ் வைத்திருக்கும் முதலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். 6:40-க்கு எட்டு பேர்தான் ஏறியிருக்கிறார்கள் என்றால் அவரால் பஸ்ஸை எடுக்க முடியாது. அந்த ட்ரிப்பின் பெட்ரோல் காசு அந்த ட்ரிப்பிலேயே வந்தாக வேண்டும். ஆகவே நிற்பார், ஹாரன் அடிப்பார், "இதோ எடுத்தாச்சு, இதோ எடுத்தாச்சு" என்று அரை மணி நேரம் சொல்வார். ஷேர் ஆட்டோ ஏறியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை. அவர் கணக்கு அப்படி. வண்டி ரிப்பேர் ஆனால் அன்றைக்கு சர்வீஸே கிடையாது.

நூறு பஸ் உள்ளவருக்கு வேறு கணக்கு. எட்டு பேரோடு போகும் 6:40 ட்ரிப்பின் நஷ்டத்தைச் சாயங்காலம் நெரிசலில் வரும் ட்ரிப் ஈடுகட்டும். நாலைந்து பஸ்ஸை ஸ்பேராகச் சும்மா நிறுத்தி வைக்கலாம். ஒர்க்‌ஷாப் வைக்கலாம். எங்கள் தொழிலில் ஒரு சர்வர் படுத்தால் இன்னொன்று எழுந்து நிற்கும்படி ஸ்டாண்ட்பை வைப்போம், அது சும்மா இருக்கிற ஒவ்வொரு மாதமும் ஃபைனான்ஸ்காரர்கள் "இது எதுக்கு?" என்று மெயில் போடுவார்கள். ஸ்பேர் பஸ்ஸும் அதேதான். டைம்டேபிள் என்பது ஓர் ஓனரின் நல்ல குணம் அல்ல. உபரி உள்ள ஃப்ளீட்டால்தான் அது முடியும். அப்பாவின் வாட்ச் கதைக்கு அடியில் இருந்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

டி.வி.எஸ். இதில் இன்னொரு படி மேலே போனார்கள். பஸ் ஓட்டுகிறவர்களே வண்டி விற்கிறவர்களாகவும் ஆனார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் அசெம்பிளி தொழிற்சாலை திறந்தது. பின்னாளில் டி.வி.எஸ்.ஸின் சுந்தரம் மோட்டார்ஸ், 1950-களில் அந்த வண்டிகளின் மிகப் பெரிய விநியோகஸ்தராக வளர்ந்தது. உதிரி பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். பஸ் கம்பெனிக்கு சதர்ன் ரோட்வேஸ் என்று பெயர். ஆனாலும் ஜனங்களுக்கு எப்போதும் அது டி.வி.எஸ். பஸ்தான். தனக்கு வேண்டிய பாகத்தைத் தன் கடையிலேயே எடுத்து, தன் ஒர்க்‌ஷாப்பில் மாட்டி, தன் ரூட்டில் ஓட்டும் கம்பெனிக்கு வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்கள் குறையத்தானே செய்யும்? மதுரை மேலவெளி வீதியில் இருந்த தலைமை அலுவலகம் இந்த எல்லாவற்றுக்கும் நடு.

நம்ம ஊரில் இது ஒன்றுதான் இப்படி என்று சொல்ல வரவில்லை. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு 1920-ல் ஒற்றை பஸ்ஸோடு பொள்ளாச்சி – பழனி ரூட்டில் தொடங்கி யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக்கினார். பொள்ளாச்சியில் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், அதாவது ஏ.பி.டி. கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன். தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு எஸ்.ஆர்.வி.எஸ். மறக்காது. மயிலாப்பூரில் எங்கள் தெருவிலேயே இந்தப் பெயர்களைச் சொன்னால் முகம் மலரும் மாமாக்கள் நாலு பேர் உண்டு. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பஸ் கம்பெனி, அதன் ஒர்க்‌ஷாப், அதன் டயம் கீப்பர்கள். இந்த மேப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1972-ல் மறுபடி வரும்.

பஸ்கள் இப்படிப் பெருகியதில் வயிறெரிந்தது ரயில்வேக்கு. ரயில் ஓடும் ஊர்களுக்கு இடையிலேயே பஸ் போட்டு, வீட்டு வாசலில் இறக்கிவிட்டால் யார் ஸ்டேஷனுக்குப் போவார்கள்? 1932-ல் இந்திய அரசு மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளைப் போட்டு ரோடு – ரயில் போட்டியை ஆராயச் சொன்னது. அடுத்த வருஷம் சிம்லாவில் இதற்கென்றே ஒரு மாநாடு. அந்தப் பாதையில் கடைசியில் வந்து சேர்ந்ததுதான் 1939 மோட்டார் வாகனச் சட்டம். பஸ் ஓட்ட இனி பெர்மிட் வேண்டும். எந்த ரூட்டில் யார் என்பதை வட்டாரப் போக்குவரத்து ஆணையம் முடிவு செய்யும். இன்று நாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று அலுத்துக்கொள்ளும் அமைப்பின் வேரில் ரயில்வேயின் வருமானக் கவலையும் இருக்கிறது.

சட்டம் வந்த கையோடு யுத்தமும் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா எண்ணெய் நின்றது. மலேயா போனதும் ரப்பர் நின்றது. பெட்ரோலும் டயரும் இல்லாமல் பஸ் கம்பெனி என்ன செய்யும்? டி.வி.எஸ். இரண்டுக்கும் வழி கண்டார்கள். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலை ஒன்று. இன்னொன்று டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். பெரியவர்கள் "கரி பஸ்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸோடு ஒரு பெரிய உருளை. அதில் அடுப்புக் கரியைக் கொஞ்சமே கொஞ்சம் காற்று விட்டு எரித்தால் கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் ஆவி செய்யும் வேலையை அது செய்யும். அரைகுறையாகத்தான். இழுவை குறையும், மேடு வந்தால் மூச்சு வாங்கும். கிளம்புவதற்கு முன்னால் கிளீனர் பையன் உருளைக்குப் பக்கத்தில் நின்று துருத்தி சுற்றி நெருப்பை ஏற்ற வேண்டும். வெள்ளை வேட்டியோடு ஏறினவர் சாம்பல் வேட்டியோடு இறங்குவார். தாத்தா இதை ஒரு துக்கமும் இல்லாமல், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பஸ் ஓடியதே, அதுதான் அவருக்குக் கணக்கு.

இங்கே ஒரு கிளைக்கதை, சுருக்கமாக. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அதன் பிறகு படித்து டாக்டரானார். 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். 1947-ல் இருவருமாகச் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் தொடங்கினார்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரோட்டில்தான் அது இருக்கிறது. கம்பெனியை நிறுவியவர் 1955-ல் காலமானார்.

இனி பெர்மிட் காலம். இந்தப் பகுதிக்கு நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து சரக்கு கிடைத்தது: உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். தமிழ்நாட்டு பஸ் சரித்திரம் பாதி அங்கேதான் கிடக்கிறது. ராமன் அண்ட் ராமன் எதிர் சென்னை அரசு, 1959. எஸ்.ஆர்.வி.எஸ். சம்பந்தப்பட்ட 1963 வழக்கு, சண்டை தஞ்சாவூரிலிருந்து வடுவூர் வழியாக மன்னார்குடி போகும் ஒரு ரூட்டுக்கு. வடுவூர் வழியாகப் போகும் ஒரு பஸ்ஸுக்காக டெல்லியில் சீனியர் வக்கீல்கள் வாதாடியிருக்கிறார்கள் என்றால் அந்த பெர்மிட் எத்தனை பெருமானமுள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்குகளின் அடியில் இருப்பது ஓர் அல்காரிதம். ஆமாம், அல்காரிதமேதான். 1956 ஏப்ரல் 28-ம் தேதி சென்னை அரசு 1298-ம் எண் அரசாணை போட்டது. ஒரு ரூட்டுக்குப் பல பேர் விண்ணப்பித்தால் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க மார்க் போடச் சொன்னது அந்த ஆணை. ஒர்க்‌ஷாப் இருக்கிறதா, மார்க். அந்த ரூட்டில் வீடோ தொழிலிடமோ இருக்கிறதா, மார்க். அனுபவத்துக்கு மார்க். விசேஷ காரணங்களுக்கு மார்க். எல்லாவற்றையும்விட முக்கியம், சின்ன ஓனர் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு வளர இந்த பெர்மிட் உதவுமா என்பதற்கு மார்க். கூட்டிப் பார்த்து, மேலே வருபவருக்கு ரூட்டு.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் சிபாரிசைக் குறைக்க ஸ்கோரிங் மாடல் போட்டிருக்கிறார்களே! ஒற்றைக் கம்பெனியின் கையில் ஒரு ஜில்லா சிக்கிவிடக் கூடாது என்ற எண்ணமும் நியாயமானதே. ஆனால் 1964-ல் பி. ராஜகோபால நாயுடு வழக்கில், தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான அமர்வு இந்த ஆணை செல்லாது என்று தள்ளியது. அந்தச் சண்டை கிருஷ்ணகிரி – சென்னை ரூட்டுக்கு. நீதிமன்றம் சொன்ன காரணத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்: பெர்மிட் கொடுக்கும் அதிகாரி இரு தரப்பையும் கேட்டு நீதிபதி மாதிரி முடிவெடுக்க வேண்டியவர். அவர் மனதில் எதற்கு எத்தனை எடை என்று அரசாங்கம் முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் அப்புறம் அவர் எதற்கு? பொதுவான நிர்வாக உத்தரவு போடும் அதிகாரம் அரசுக்கு உண்டு. தீர்ப்பை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் இல்லை. அறுபது வருஷம் கழித்து, லோன் கொடுப்பதற்கு மெஷின் மார்க் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு தடவை படிக்கலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். சின்ன ஓனர்களுக்கு பெர்மிட் கிடைத்தால் மட்டும் போதாது, பஸ் வாங்கப் பணம் வேண்டும். டி.வி.எஸ். குடும்பத்தின் டி.எஸ். சந்தானம் 1954-ல் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கினார், பஸ், லாரிக்குத் தவணையில் கடன் கொடுப்பதற்கு. ஒரு பக்கம் ஜில்லாவில் பெரிய பஸ் கம்பெனி. இன்னொரு பக்கம் ஒற்றை பஸ் ஓனருக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி. குடும்பம் ஒன்று. ரூட்டுகள் யார் கைக்குப் போனாலும் தொழில் நிற்காது என்று பார்த்து வைத்த மாதிரி இருக்கிறது.

அரசாங்கமே பஸ் ஓட்டுவது என்பதும் புதிதல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1938-லேயே லண்டனிலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்து அரசு பஸ் தொடங்கிவிட்டது. சென்னை நகரத்தில் 1947-ல் அரசு பஸ் வந்தது. ஆனால் மப்சல் என்று நாம் சொல்லும் வெளியூர் சர்வீஸ் தனியார் கையிலேயே இருந்தது. 1967-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் இது மாறத் தொடங்கியது. போக்குவரத்தைப் பார்த்த அமைச்சர் மு. கருணாநிதி. சென்னையிலிருந்து கிளம்பும் ரூட்டுகள், 75 மைலுக்கு மேற்பட்ட நீண்ட ரூட்டுகள், கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் என்று முதலில் அரசுடைமைக் கொள்கை வந்தது. அவர் முதல்வரான பிறகு 1971-ல் அடுத்த சட்டம்: 50 அல்லது அதற்கு மேல் பஸ் பெர்மிட் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளின் பஸ்களை அரசு எடுத்துக்கொள்ளும்.

அந்த 50 என்ற எண்ணை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றை பஸ் வைத்துக்கொண்டு ஹாரன் அடித்து நிற்கும் ஓனரை அரசு தொடவில்லை. ஒர்க்‌ஷாப்பும் ஸ்பேர் பஸ்ஸும் டைம்டேபிளும் இருந்த கம்பெனிகளைத்தான் எடுத்தது. அரசியல் காரணம் தெரிந்ததுதான், பெரு முதலாளி ஏகபோகம் கூடாது என்பது. நிர்வாகக் காரணமும் இருந்திருக்க வேண்டும். ஐம்பது ஓனர்களிடமிருந்து ஆளுக்கொரு பஸ் எடுத்தால் கையில் ஐம்பது ஓட்டை பஸ்தான் இருக்கும். சதர்ன் ரோட்வேஸை எடுத்தால் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கம்பெனியே கையில் இருக்கும்.

அதைத்தான் செய்தார்கள். 1972-ல் மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் ரோட்வேஸ் கார்ப்பரேஷன் ஆயின. பொள்ளாச்சி ஏ.பி.டி. பஸ்கள் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட சேரன் கழகத்துக்குப் போயின. கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன் இருந்த இடத்தில் சோழன். சென்னையில் அதுவரை அரசு இலாகாவாக இருந்தது பல்லவன் ஆனது. நாம் மேலே பார்த்த பழைய கம்பெனி மேப்பின் மேல் சேர, சோழ, பாண்டிய, பல்லவப் பெயரை எழுதின மாதிரி. சட்டப்படி இவை இலாகாக்கள் அல்ல, கம்பெனிச் சட்டத்தில் பதிவான தனித்தனிக் கம்பெனிகள். அதாவது அரசு எடுத்தது பஸ்ஸை மட்டுமில்லை. வட்டாரத்துக்கு ஒரு கம்பெனி, அதற்கென்று டிப்போ, ஒர்க்‌ஷாப் என்ற அந்த அமைப்பையும் எடுத்துக்கொண்டது. 1973-ல் மிச்சமிருந்த தனியார் பஸ்களையும் எடுக்கச் சட்டம் வந்தது. ஹைகோர்ட் அதைத் தள்ள, பத்து வருஷத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதற்குள் காலம் மாறிவிட்டது. இன்றும் தஞ்சாவூர், கோயம்புத்தூர் பக்கம் தனியார் மப்சல் பஸ் சீட்டி அடித்துக்கொண்டு போவதற்குக் காரணம் இந்தத் தாமதமும்தான்.

சித்தப்பா 1974-ல் சேர்ந்தபோது அவருக்கு வேபில் எழுதக் கற்றுக்கொடுத்த சீனியர்கள் எல்லாம் பழைய கம்பெனி ஆட்கள். "ஒரு நிமிஷம் லேட்டானா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவானுங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பா கேட்காத நேரத்தில்.

அப்புறம் என்ன ஆனது? அப்பா சொல்வதும் நடந்தது, சித்தப்பா சொல்வதும் நடந்தது. என் முடிவு இது. பெரிய ஃப்ளீட்டில் ஓர் உபரி இருக்கும் என்றேனே, அந்த உபரியைப் பழைய கம்பெனி மெயின் ரோட்டு பஸ் நேரம் தவறாமல் போவதற்குச் செலவழித்தது. கழகம் அதை ஊருக்குள் போவதற்குச் செலவழித்தது. மதுரை – பெரியகுளம் ரோட்டில் வருகிற லாபத்தை எடுத்து, எட்டு பேருக்காக மூன்று மைல் உள்ளே போகும் டவுன் பஸ்ஸை ஓட்டியது. ராத்திரி கடைசி ட்ரிப் எங்கள் ஊர் ஆலமரத்தடியில் நைட் ஹால்ட். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடிகாலை முதல் ட்ரிப் எடுப்பார்கள். பிரசவ வலி வந்த பொம்பளைகளுக்கு அந்த நைட் ஹால்ட் பஸ்தான் ஆம்புலன்ஸ் என்று பாட்டி சொல்வார். எந்தத் தனியார் கம்பெனியின் கணக்கிலும் அந்த பஸ் தேறாது.

ஆனால் அந்த உபரி இரண்டுக்கும் போதவில்லை. ரூட்டு நீண்டுகொண்டே போனது. டிக்கெட் விலையைத் தொட்டால் ஓட்டுப் போகும். ஸ்பேர் பஸ் என்று ஒன்று நின்றால் அதற்கும் யாராவது எம்.எல்.ஏ. ஒரு கிராமத்து ரூட்டுக் கேட்பார். ஸ்டாண்ட்பை சர்வரை எல்லாம் லைவில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஆபீஸில் கேளுங்கள். 6:40 பஸ் ஏழு மணிக்கு வர ஆரம்பித்தது இப்படித்தான் இருக்கும். முதலாளி போனதால் அல்ல, மிச்சம் போனதால். அப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

பஸ் போன பிறகு கம்பெனி என்ன ஆனது? சதர்ன் ரோட்வேஸ் லாரியில் சரக்கு ஏற்றும் கம்பெனியாகத் தொடர்ந்தது. 80-களின் கடைசியில்கூட பெங்களூர் கிட்டங்கி ஒன்று பற்றிய வழக்கில் அதன் பெயர் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஏஜென்டின் கையில் இருக்கும் இடம் முதலாளியின் கையில் இருப்பதாகவே அர்த்தம் என்று தீர்ப்பு. சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதைவிட சுவாரசியம், அந்தக் குடும்பம் 1960-களிலேயே ஓட்டுவதிலிருந்து செய்வதற்கு நகர்ந்துவிட்டது. 1960-ல் வீல்ஸ் இந்தியா. 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., ஸ்டார்ட்டர் மாதிரி மின் பாகங்களுக்கு. 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும், ஏர் பிரேக் செய்யும் சுந்தரம் கிளேட்டனும். எல்லாம் சென்னையைச் சுற்றியே. ஆக 1972-ல் பஸ்ஸின் நெற்றியிலிருந்த பெயரை மாற்றினார்கள், சரி. சக்கரமும் பிரேக்கும் ஸ்டார்ட்டரும் செய்கிறவர்களுக்கு அரசாங்கமும் ஒரு வாடிக்கையாளர்தானே? "பாஸ்கட் மாத்தினாலும் காய் அவங்க தோட்டத்துதுதான்" என்று சித்தப்பா ஒரு தடவை சொன்னார். டிப்போ ஸ்டோர்ஸில் பாக அட்டைப்பெட்டிகளைப் பார்த்திருப்பார் போல.

பாண்டியன், சேரன் பெயர்களும் நிலைக்கவில்லை. 1997-ல் விருதுநகர்க் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டி எழுந்த சாதிக் கலவரத்துக்குப் பிறகு, எல்லாக் கழகங்களின் தலைவர் பெயர்களையும் அரசர் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். இன்று மதுரையில் ஓடும் பஸ்ஸில் டி.வி.எஸ்.ஸும் இல்லை, பாண்டியனும் இல்லை. தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், அவ்வளவுதான். 2021-லிருந்து எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பாட்டி இருந்திருந்தால் தினம் ஒரு தடவை மதுரை போய் வந்திருப்பார்.

இதையெல்லாம் எழுதி, போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். கரி பஸ் வந்தபோது சிரித்தார். ஃப்ளீட், உபரி என்ற இடங்களில் தூங்கிவிட்டாரோ என்று சந்தேகம். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"ஊர் ஆலமரத்தடியில நிக்குமே ராத்திரி பஸ்ஸு, அதுல அவன் டூட்டி பார்த்தானே ரெண்டு வருஷம், அத எழுதலையே?"

எழுதிவிடுகிறேன் என்றேன். 1981, 82. நைட் ஹால்ட் டூட்டி. நிறுத்தத்திலிருந்து சித்தப்பாவின் சொந்த வீடு நூறு அடி. இருந்தும் டிரைவர் தனியாகப் படுப்பாரே என்று பஸ்ஸிலேயே படுத்துக்கொள்வாராம். சாப்பாட்டை அப்பாதான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.